ஜெர்மனியில் நர்சிங்: கட்டணம் இல்லை, மொழி இருக்கிறதா?

பிளஸ் டூ முடித்த பிள்ளையை நர்சிங் படிக்க வைக்கலாம் என்று நினைக்கும் வீடுகளில் முதலில் எழும் பேச்சு பணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், சீருடை, பேருந்துச் செலவு என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். வெளிநாட்டில் படிக்க வைக்கலாமா என்று யாராவது கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ வெளிநாட்டு மாணவர் நர்சிங் பட்டம் படிக்க ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் முடியாது.

ஜெர்மனியில் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே நர்ஸ் ஆவதற்கான வழக்கமான வழி, பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி. 'அவுஸ்பில்டுங்' என்று அதற்குப் பெயர். மருத்துவமனையோ முதியோர் இல்லமோ மாணவரோடு ஒப்பந்தம் போடும். பாதி நாட்கள் பள்ளியில் பாடம், மீதி நாட்கள் வார்டில் வேலை. கட்டணம் கிடையாது. மாறாக முதல் மாதத்திலிருந்தே மாணவரின் கணக்கில் உதவித்தொகை வந்து விழும். படித்து முடித்தால் வேலை, வேலையில் இரண்டு ஆண்டு இருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி. கையில் பெரிய பணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தனை நேரான வழியைத் திறந்து வைத்திருக்கும் நாடுகள் அதிகம் இல்லை.

வழி திறந்திருக்கிறது என்பது உண்மை. அது சுலபமான வழி என்று சொல்லி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதும் உண்மை. எனவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவது அவசியம்.

ஏன் கூப்பிடுகிறார்கள்?

ஜெர்மனி மூப்படைந்துகொண்டிருக்கும் நாடு. தினசரி வாழ்க்கைக்குப் பிறர் பராமரிப்பு தேவைப்படுபவர்கள் என்று அந்நாட்டின் பராமரிப்புக் காப்பீட்டில் பதிவானவர்கள் 2023 இறுதியில் சுமார் 57 லட்சம் பேர். இவர்களைக் கவனிப்பதற்கும் மருத்துவமனைகளை நடத்துவதற்கும் வேண்டிய இளைஞர்கள் உள்நாட்டில் போதவில்லை. 2049-க்குள் 2,80,000 முதல் 6,90,000 வரை பராமரிப்புப் பணியாளர்கள் பற்றாக்குறையாவார்கள் என்று ஜெர்மனியின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் 2024 ஜனவரியில் கணித்துச் சொன்னது.

அதனால்தான் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வருகிறார்கள். 2024 அக்டோபரில் அன்றைய ஜெர்மன் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லிக்கு வந்தபோது, திறன்மிக்க இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்த ஜெர்மனி முடிவு செய்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், ஜெர்மனியின் வேலைவாய்ப்புத் துறையோடு ஒப்பந்தம் போட்டு நர்ஸ்களை அனுப்பத் தொடங்கிவிட்டது.

4,600 மணி நேரம்

2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அதுவரை தனித்தனியாக இருந்த பொது நர்சிங், குழந்தைகள் நர்சிங், முதியோர் நர்சிங் ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சியாக இணைத்தது. பள்ளியில் 2,100 மணி நேரம், பணியிடத்தில் 2,500 மணி நேரம், மொத்தம் 4,600. ஐரோப்பிய ஒன்றியம் பொது நர்சிங்கிற்கு வகுத்திருக்கும் அளவும் இதுவே. ஆகவே இந்தச் சான்றிதழ் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் செல்லும்.

மாணவர் ஒரே மருத்துவமனையில் மூன்று ஆண்டும் இருந்துவிட முடியாது. முதியோர் இல்லம், வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் சேவை, குழந்தைகள் பிரிவு, மனநலப் பிரிவு என்று எல்லாவற்றிலும் சுழற்சி முறையில் வேலை பார்க்க வேண்டும். பயிற்சியின் இரண்டாம் பாதியில் குறைந்தது 80 மணி நேரம் இரவு டூட்டி உண்டு. அப்போது அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் நேரடியாக மேற்பார்வையிட வேண்டும் என்பது விதி. பணியிடப் பயிற்சி நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது, அதற்கென்றே தகுதி பெற்ற வழிகாட்டி கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும் என்பதும் விதிதான்.

முடிவில் அரசுத் தேர்வு. தலா இரண்டு மணி நேரத்துக்கு மூன்று எழுத்துத் தேர்வுகள், ஒரு வாய்மொழித் தேர்வு, ஒரு செய்முறைத் தேர்வு. செய்முறைத் தேர்வில் பொம்மையை வைத்துக் காட்டினால் போதாது. வார்டில் உண்மையாகவே படுத்திருக்கும் குறைந்தது இரண்டு பேரை, தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, திட்டமிட்டுப் பராமரித்துக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி எழுத ஒரு வாய்ப்புத்தான்.

காலை ஷிப்டில் நடப்பது

இங்கிருந்து போகிறவர்களை முதல் வாரத்திலேயே திகைக்க வைப்பது குளிர் மட்டும் அல்ல, வேலையின் தன்மையும்தான்.

தமிழ்நாட்டு மருத்துவமனையில் நோயாளியோடு ஒரு உறவினர் இருப்பார். உடம்பு துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது, பாத்ரூமுக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. நர்ஸ் ஊசி போடுவார், மருந்து கொடுப்பார், சார்ட் எழுதுவார். ஜெர்மன் வார்டில் துணைக்கு ஆள் தங்கும் வழக்கம் இல்லை. நோயாளியின் உடம்பைக் கவனிப்பது முழுக்க நர்சிங் வேலை.

காலை ஷிப்ட் ஆறு மணி வாக்கில் தொடங்கும். இரவு டூட்டி பார்த்தவர் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார்: யார் தூங்கவில்லை, யாருக்கு வலி, யார் விழப் பார்த்தார், யாருக்கு இன்று ஆபரேஷன். அதைக் காதில் வாங்கிக் குறித்துக்கொண்டு மாணவர் அறைக்குள் போக வேண்டும். கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எண்பத்தைந்து வயதுப் பாட்டியை எழுப்பி, வெந்நீரில் துண்டை நனைத்து முகம், கை, முதுகு துடைத்து, மடிப்புகளில் ஈரம் தங்காமல் ஒற்றி, குதிகாலிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். உடனே எழுதி வைக்க வேண்டும். ரத்தம் காலில் தேங்காமல் இருக்க இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். அவர் எழுந்து உட்காருவதற்கு முன்பே அதைப் போட்டுவிடுவது முறை. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரில் கெட்டியாக்கும் பொடி கலந்து கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்யும்போது 'நான் இப்போது இதைச் செய்யப் போகிறேன்' என்று ஒவ்வொன்றையும் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். அவரால் தானே செய்ய முடிந்ததை அவரையே செய்ய விட வேண்டும் என்று பள்ளியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். முகத்தைத் தானே துடைத்துக்கொள்ள முடிகிறவருக்குத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பொறுமையாக நிற்பதும் நர்சிங்தான்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஐ.சி.யூ. அனுபவத்தோடு போகிறவர்கள் இங்கேதான் மனம் உடைகிறார்கள். ரத்தம் எடுப்பது, நரம்பில் ஊசி ஏற்றுவது போன்றவை அங்கே பல மருத்துவமனைகளில் டாக்டர்களின் வேலை. 'நான் படித்த படிப்பு என்ன, இங்கே செய்யும் வேலை என்ன' என்ற குமுறல் சக நர்ஸ்களிடையே அடிக்கடி கேட்கும். அந்தக் குமுறலில் நியாயம் உண்டு. ஆனால் இன்னொருவர் உடம்பைத் தொட்டுப் பராமரிப்பதைத் தாழ்ந்த வேலையாக நினைக்கிறவருக்கு இந்தப் பயிற்சி மூன்று ஆண்டு தண்டனையாகிவிடும். கிளம்புவதற்கு முன் மனசுக்குள் கேட்டுத் தெளிய வேண்டிய முதல் கேள்வி அதுவே.

பி2 என்கிற படி

கட்டணம் வாங்காத இந்தப் படிப்பு தன் விலையை மொழியில் வாங்கிக்கொள்கிறது.

ஜெர்மன் மொழித் திறனை ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு நிலைகளாக அளக்கிறார்கள். இந்தப் பயிற்சிக்கான விசாவுக்குப் பொதுவாக மூன்றாம் நிலையான பி1 கேட்பார்கள். நர்சிங் பள்ளிகள் பலவும் அதற்கு மேலே பி2 இருந்தால்தான் சேர்த்துக்கொள்கின்றன. பி1 போதும் என்று சேர்த்துக்கொள்ளும் இடங்களிலும் பாடம் முழுக்க ஜெர்மனில்தான் நடக்கும். உடற்கூறியல், மருந்தியல், சட்டம் என எதுவும் ஆங்கிலத்தில் கிடைக்காது.

சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கோதே நிறுவனமும், கோயம்புத்தூரில் கோதே மையமும் வகுப்பும் தேர்வும் நடத்துகின்றன. படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று பி2 தேர்வில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் எடுக்க வேண்டும். ஏ1-இல் தொடங்கி முழுநேரமாகப் படித்தாலும் பி2-ஐ எட்டச் சுமார் ஓராண்டு பிடிக்கும். 'நான்கே மாதத்தில் பி2' என்ற விளம்பரத்தை நம்புகிறவர்கள் சான்றிதழ் வாங்கினால்கூட, வார்டில் பாட்டி சொல்வது புரியாமல் நிற்பார்கள். அந்தப் பாட்டி பவேரிய வட்டார வழக்கிலோ ஸ்வாபிய வழக்கிலோதான் பேசுவார். பாடப்புத்தக ஜெர்மன் பேச மாட்டார். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினால் கேட்கவே வேண்டாம்.

புரியாமல் தலையாட்டுவது வார்டில் ஆபத்து. 'மன்னிக்கவும், இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேட்கும் மாணவரை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஒப்பந்தத்தின் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். பயிற்சியை நடுவில் விட நேர்பவர்களில் பலருக்கும் தடுக்கி விழும் கல் மொழியாகத்தான் இருக்கிறது.

கையில் எவ்வளவு நிற்கும்?

பொதுத்துறை மருத்துவமனைகளின் ஊதிய ஒப்பந்தத்தில் 2025 ஏப்ரல் நிலவரப்படி மாணவருக்கு முதல் ஆண்டில் மாதம் சுமார் 1,415 யூரோ, இரண்டாம் ஆண்டில் 1,477, மூன்றாம் ஆண்டில் 1,578. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அது பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. மருத்துவம், ஓய்வூதியம், வேலையின்மை, பராமரிப்பு ஆகிய காப்பீடுகளுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன். மருத்துவமனையே மலிவு வாடகையில் அறை கொடுத்தால் சமாளித்து, ஓரளவு சேமிக்கலாம். முனிச் போன்ற நகரத்தில் தனியாக அறை தேட நேர்ந்தால் மாதக் கடைசியில் கை கடிக்கும். 2024 மார்ச் முதல் பயிற்சி மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஷிப்டுக்கும் பரீட்சைக்கும் நடுவே அதற்குத் தெம்பு இருக்க வேண்டும்.

மூன்று ஆண்டு முடிந்ததும் நிலைமை மாறிவிடும். முதியோர் பராமரிப்புத் துறையில் தகுதி பெற்ற நர்சுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை நிலவரப்படி மணிக்கு 20.50 யூரோ. பொதுத்துறை மருத்துவமனையில் தொடக்கச் சம்பளமே பிடித்தத்துக்கு முன் மாதம் 3,000 யூரோவைத் தாண்டும். இரவு, ஞாயிறு, விடுமுறை நாள் டூட்டிக்குத் தனிப்படி உண்டு. விரும்பினால் தீவிர சிகிச்சை, மயக்க மருந்துப் பிரிவு என்று மேற்பயிற்சியும் பெறலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் கன்சல்டன்சிகளில் நேர்மையானவை உண்டு, ஏமாற்றுபவையும் உண்டு. பயிற்சி இடத்துக்கென்று சில லட்சங்கள் கேட்டால் அந்தப் பணம் எதற்கு என்று கேட்க வேண்டும். பள்ளிக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. மாணவரிடம் பயிற்சிக்காகப் பணம் வாங்குவதும், விட்டுப் போனால் அபராதம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவதும் ஜெர்மன் நர்சிங் சட்டப்படி செல்லாது. பயிற்சி முடிந்தபின் இதே மருத்துவமனையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கட்டிப் போடும் ஷரத்தும் செல்லாது. கடைசி மூன்று மாதங்களில், இருவரும் சம்மதித்துச் செய்துகொண்டால்தான் அத்தகைய உடன்பாடு நிற்கும்.

உள்ளூர் ஏஜென்ட் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்ப்பது முதல் வேலை. வெளிநாட்டு நர்ஸ்களை நேர்மையாகப் பணியமர்த்தும் நிறுவனங்களுக்கு ஜெர்மன் அரசின் தர முத்திரை ஒன்றும் இருக்கிறது. ஆள் சேர்க்கும் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பது அந்த முத்திரையின் அடிப்படை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது. அங்கே போய் நேரில் விசாரிக்கலாம்.

மருத்துவமனையின் பெயர், ஊர், உதவித்தொகை, பள்ளியின் பெயர் எதுவும் இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமே அல்ல. மருத்துவமனையின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு மாணவரே ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், உண்மை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்தவர்கள் மறுபடி மூன்று ஆண்டு படிக்கத் தேவையில்லை. அவர்களுக்கு இந்தியப் படிப்பை அங்கீகரிக்கும் தனி வழி உண்டு. ஜெர்மனியில் அந்தந்த மாநில அலுவலகம் சான்றிதழ்களைப் பார்த்து என்ன குறைகிறது என்று சொல்லும். அதைத் தகவமைப்புப் பயிற்சியாலோ ஒரு தேர்வாலோ நிரப்பிக்கொள்ளலாம். அதுவரை உதவியாளர் சம்பளத்தில் வேலை பார்க்கலாம். இந்த இரண்டு வழிகளின் வித்தியாசம் தெரியாமல், பட்டம் பெற்ற நர்ஸ்களைப் பயிற்சி மாணவராகச் சேர்த்துவிடும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள்.

தங்கிவிடலாமா?

ஜெர்மனிக்கு ஆசிய நர்ஸ்கள் போவது புதிதல்ல. 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வழியாகக் கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். 1966-க்கும் 1976-க்கும் இடையே தென்கொரியாவிலிருந்து சுமார் 10,000 நர்ஸ்கள் போனார்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வேலை குறைந்தபோது இவர்களில் பலரின் அனுமதியை நீட்டிக்க மறுத்தார்கள். தேவைப்பட்டபோது கூப்பிட்டு, தேவை தீர்ந்ததும் அனுப்பப் பார்த்ததைக் கொரியப் பெண்கள் ஏற்கவில்லை. கையெழுத்து இயக்கம் நடத்தித் தெருவில் இறங்கிப் போராடித்தான் தங்கும் உரிமையைப் பெற்றார்கள். அந்த வாய்ப்புக் கிடைக்காத மலையாள நர்ஸ்கள் பலர் ஊர் திரும்பினார்கள், அல்லது அமெரிக்காவுக்குப் போனார்கள்.

இன்றைக்கு அந்த உரிமை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு இருந்து, 24 மாதம் ஓய்வூதியக் காப்பீடு கட்டி, பி1 அளவு மொழியும் இருந்தால் நிரந்தரத் தங்குரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணியாளருக்கு இந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டு. 2024 ஜூன் முதல் குடியுரிமைக்கான வசிப்புக் காலம் எட்டிலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைந்தது. பழைய குடியுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையை ஜெர்மனி கைவிட்டது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால் இந்தியர் தங்கள் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு வாழ்வது வேறு கணக்கு. பயிற்சிக் கால வருமானத்தில் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்வது அநேகமாக நடக்காது. திருமணம் நிச்சயமான நிலையில் கிளம்புகிறவர்கள் மூன்று ஆண்டுப் பிரிவுக்கு இரு வீட்டாரையும் தயார்ப்படுத்திவிட்டுப் போவது நல்லது. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், பண்டிகை நாளில் டூட்டி பார்த்துவிட்டு ஒற்றை அறைக்குத் திரும்புவதை எல்லோராலும் தாங்க முடிவதில்லை. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் 'நீ தொடாதே' என்று சொல்லும் நோயாளியும் உண்டு. அப்படி நடந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடமோ வார்டு பொறுப்பாளரிடமோ சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆறுதலான விஷயமும் இருக்கிறது. 1980-களிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் ஜெர்மனி முழுவதும் தமிழ்ப் பள்ளிகளையும் கோயில்களையும் கடைகளையும் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்குகிற கடையிலேயே வீடு தேடும் யோசனையும், அலுவலகப் படிவத்தை நிரப்பும் உதவியும் கிடைத்துவிடும்.

பெரும்பாலான நர்சிங் பள்ளிகள் ஏப்ரலிலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் புதிய அணியைச் சேர்க்கின்றன. விண்ணப்பம், நேர்காணல், விசா ஆகியவற்றுக்கு எப்படியும் பல மாதங்கள் பிடிக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களை மொழிபெயர்த்து அங்கீகாரம் வாங்குவதும் இதற்குள் நடக்க வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசிக்கான சான்று இல்லாமல் ஜெர்மனியில் எந்த மருத்துவமனையும் வேலைக்குச் சேர்க்காது. 2020 மார்ச் முதல் அது சட்டம். ஆக, ஒரு ஜூனில் ஏ1 வகுப்பில் உட்காருகிறவர் அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் வார்டுக்குள் நுழைவதாகத் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்குமுன் இங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் சில வாரம் உதவிக்குப் போய்ப் பார்க்கலாம். வேலை பிடிக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்; ஜெர்மன் நேர்காணலில் 'இந்த வேலை ஏன்?' என்று கேட்கும்போது சொல்வதற்குச் சொந்த அனுபவமும் இருக்கும்.